ஒரு சுற்றுத் தள்ளி

"மெஷின் தப்பான வீட்டுக்குப் போயிட்டா அதுக்குத் தெரியுமா மாமா?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். எங்கள் ஃபோர்மேனின் மகள். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு பட்டறைக்கு வந்திருந்தாள். நான் பழைய சிஎன்சி லேத்தை, கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷினை, பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஸ்விட்ச் போட்டதும் அதற்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது, முதலில் ஹோமுக்குப் போகும், பிறகு எல்லாவற்றையும் அங்கிருந்துதான் அளக்கும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஹோம் என்றால் வீடு என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியாதும்மா," என்றேன். "வீட்டுக்கு வந்துட்டோம்னு நம்பி, நிம்மதியா வேலையை ஆரம்பிச்சிடும்."

அப்போது ஓர் இரும்புச் சுருள் என் விரலைக் கிழித்தது. அவள் தன் கைக்குட்டையை எடுத்துச் சுற்றிவிட்டாள். மூலையில் மஞ்சள் வாத்துப் போட்ட கைக்குட்டை. சின்ன உதவிகளைத்தான் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்று நம்புகிறவன் நான். என்னைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் சார்.

அந்த லேத்துக்கு வயதாகிவிட்டது. ஹோமுக்குப் போகும்போது, இரும்பைச் சீவும் டூல் மாட்டிய தலை நகர்ந்து வந்து ஒரு சின்ன ஸ்விட்சை அமுக்க வேண்டும். அமுக்கினால் வேகம் குறையும். அந்த ஸ்விட்சில் சுருளும் எண்ணெய்த் தண்ணீரும் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தலை வேகம் குறையாமல் ஓடி, கடைசியில் இருக்கும் லிமிட் ஸ்விட்சில் போய் இடிக்கும். அலாரம் அடித்து எல்லாம் நின்றுவிடும். அதைப் பின்னுக்கு இழுத்து மறுபடி எழுப்புவதற்குள் பாதிக் காலை போய்விடும். சரியான வைத்தியம் புது ஸ்விட்ச். ஃபோர்மேன் சொன்ன வைத்தியம் வேறு.

"யோவ், அந்த லிமிட்டுக்கு ஒரு வயரைப் போட்டு விடுய்யா. தினம் இதே ரோதனையாப் போச்சு."

வயரைப் போட்டுவிட்டால் லிமிட் ஸ்விட்ச் இருந்தும் இல்லாததுதான். தலை எல்லை தாண்டினாலும் மெஷினுக்குத் தெரியாது. வயர் போடப்பட்டது.

என் மனைவியின் தம்பிதான் அந்த லேத்தின் ஆபரேட்டர். ஒரு நாள் அடைப்பை எடுக்க அவன் உள்ளே கையை விட்டிருந்தான். "சீக்கிரம் தட்டி விடுடா, கல்யாணத்துக்கு அலங்காரமா பண்றே?" என்று சொல்லிக்கொண்டே ஃபோர்மேன் ஹோம் பட்டனை அமுக்கினார். தலை வந்தது. அதை நிறுத்த அங்கே எதுவும் இல்லை. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் ஃபோர்மேன் அந்த வயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வந்தவர்களிடம், "பையனுக்கு எப்பவும் விளையாட்டுப் புத்தி சார்," என்றார். அதைச் சொல்லும்போது டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. சோற்றில் கிடந்த இரும்புத் தூளைப் போல அதை நான் தினமும் மென்றேன். ஆனால் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கோபத்தோடு செய்கிற வேலை சுத்தமாக இருக்காது.

ஆஸ்பத்திரியில் என் மைத்துனன் சிரித்தான். "அக்கா, இனிமே எனக்குச் சோத்துக்கையும் பீச்சாங்கையும் ஒண்ணுதான்." பிறகு என் பக்கம் திரும்பினான். "லிமிட் இருக்கு, எப்படியும் நின்னுடும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வயரைப் போட்டது என் கைதான், மறைக்கவில்லை. ஆனால் கை என்பது சொன்னதைச் செய்வது. சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி.

பிறகு நான் செய்தது மிகச் சிறிய வேலை. ஹோம் ஸ்விட்சை அமுக்குவதற்குத் தலையில் ஓர் இரும்புக் கட்டை இருக்கிறது. ஸ்விட்ச் அமுங்கியதும் மெஷின், தலையை நகர்த்தும் ஸ்க்ரூவில் சுற்றுக்கு ஒரு முறை வரும் அடையாளத்தைத் தேடி அங்கே நிற்கும். கட்டை சரியான இடத்தில் இருந்தால் எப்போதும் ஒரே அடையாளம். நூலளவு நகர்த்தி வைத்தால், சில நாள் அந்த அடையாளம், சில நாள் ஒரு சுற்று முந்தியது. இரண்டு நாளும் திரை பூஜ்யம்தான் காட்டும். ஒரு சுற்றுத் தள்ளி நின்ற நாளில், டூல் தான் போக வேண்டிய இடத்தைத் தாண்டி, உருப்படியைத் தாடைகளால் கவ்விச் சுழலும் சக்கின் மேலேயே முழு வேகத்தில் போய் விழும்.

என் மைத்துனனுக்குப் பிறகு அந்த லேத்தைத் தொட மற்றவர்கள் பயந்தார்கள். அதனால் காலையில் ஃபோர்மேனே முதல் உருப்படியை ஓட்டிக் காட்டுவார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பது அவர் பழக்கம். திறந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய அந்தக் கதவு ஸ்விட்சுக்கும் ஒரு வயர் உண்டு.

நான் நாள் குறிக்கவில்லை சார். கட்டையை நகர்த்திவிட்டு, காலைதோறும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். இவர் தப்பு செய்யாதவர் என்றால் மெஷின் சரியாகவே வீட்டுக்குப் போகட்டும் என்றேன். சில நாள் சரியாகப் போயிற்று. அந்த நாட்களில் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தேன்.

அன்று காலை அவர் நல்ல மனநிலையில் இருந்தார். "அண்ணே, பொண்ணு உங்களைக் கேட்டா. மெஷின் மாமாவுக்கு விரல் ஆறிடுச்சான்னு."

"ஆறிடுச்சுன்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் ஹோம் பட்டனை அமுக்கினார். தலை போய் நின்றது. திரையில் பூஜ்யம். எனக்கு அந்த மெஷின் பழக்கம், பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கதவைத் திறந்து வைத்துக் குனிந்தார்.

சக்கின் தாடை ஒன்று பிய்ந்து வந்தது. மற்றதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். கட்டையின் போல்ட்டில் புதுக் கீறலைக் கண்டுபிடித்தவரும் நீங்கள்தான். ஆமாம், நான்தான் செய்தேன். கொன்றேன் என்று வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே அந்தக் குழந்தையின் அழுகை கேட்டது. கைக்குட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். ரத்தக் கறை சுத்தமாகப் போய்விட்டிருந்தது. வாத்து மேலே தெரியும்படி மடித்து, அவளுடைய பள்ளிக்கூட ஷூவுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

யாரும் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைக்கு நான் கடன்பட்டிருந்தது அது ஒன்றுதான்.