திறந்த குப்பியும் காத்திருந்த கட்டிலும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் உயர்ந்த பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் கூச்சத்தோடு தலை குனிந்திருக்கும் செவிலியர்களான அக்கா தங்கை இருவரே, வணக்கம்.

கட்டிலா, ஊசியா? கொள்ளைநோய்க் காலத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்த கேள்வி அது. செவிலியரை வார்டில் நிறுத்தினால் ஊசி போட ஆளில்லை. ஊசி போட அனுப்பினால் வார்டில் ஆளில்லை. மேடைதோறும் அதை முழங்கியவன் நான். விடை எங்கே கிடைத்தது தெரியுமா? சன்னலோரக் கட்டிலில், முகத்தில் ஆக்சிஜன் மாட்டி, ஒரு சொல்லும் பேச முடியாமல் கிடந்தபோது. அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; நான் வாய் மூடியிருந்த ஒரே காலம் அதுதான் என்று என் வீட்டிலும் சிரிக்கிறார்கள்.

மூச்சு குறைந்துகொண்டே போனது. நுரையீரலுக்குக் காற்று ஏற, ஆக்சிஜன் குழாய் நழுவாமல் என்னைக் குப்புறப் புரட்ட இன்னும் ஒருவர் வேண்டும். வார்டில் இருந்த அக்கா, கீழே ஊசி அறையில் இருந்த தங்கையைப் போனில், ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார்.

"மூடிட்டு மேல வாடி. கட்டில் இருக்கு, கைதான் இல்ல."

"அவசரப்பட்டுப் புதுக் குப்பியத் திறந்துட்டேன்க்கா. பத்துப் பேருக்கு உள்ளது, வந்தது ஒருத்தர்தான். வார்டுக்குள்ள வந்தா இன்னிக்குத் திரும்ப இறங்க முடியாது; திறந்த குப்பி சில மணி நேரம்தான் தாங்கும், மிச்சம் குப்பைக்குத்தான் போகும்."

ஒருபுறம் என் மூச்சு. மறுபுறம் முகம் தெரியாத ஒன்பது பேரின் மூச்சு. எதை எடுப்பது? எதை விடுப்பது? அந்த அக்கா எதையும் விடவில்லை. சன்னலைத் திறந்தார். கீழே முற்றத்தில் நோயாளிகளின் உறவினர்கள்; ஊசியே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்ற என் மைத்துனரும் அங்கே இருந்தார்.

"உங்க மச்சானைப் புரட்டிப் போட ஒரு ஆள் வேணும்ங்க. அந்த ஆளு கீழ ஊசியோட மாட்டிக்கிட்டிருக்கு. குப்பி காலியானா மேல வந்துடும். போட்டுக்கிறதும் வேணாங்கிறதும் உங்க இஷ்டம்."

கீழேயிருந்து மைத்துனரின் குரல் கேட்டது. "கொள்கை கொள்கைன்னு சொன்னதெல்லாம் பயம்தாம்மா. எந்த ரூம்?"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார். முற்றமே பின்னால் நடந்தது. கொஞ்ச நேரத்தில் என் தலைமாட்டில் மூச்சு வாங்க ஒரு குரல் சொன்னது: "காலியாயிடுச்சுக்கா."

புரட்டினார்கள். மூச்சு வந்தது.

மலையைப் பார்த்து மலைத்திருக்கிறேன். கடலைப் பார்த்துக் கரைந்திருக்கிறேன். ஆனால் ஐயா, கட்டிலையும் ஊசியையும் எதிரெதிரே நிறுத்தி நாங்கள் வாதாடிய வேளையில், ஒரு சன்னலைத் திறந்து இரண்டையும் காத்த அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

சகோதரிகளே, தலை நிமிருங்கள். இங்கே ஒலிக்கும் குரல் என்னுடையது. அதில் ஓடும் மூச்சு நீங்கள் தந்தது. அந்த மூச்சாலேயே சொல்கிறேன், நன்றி. அனைவருக்கும் வணக்கம்.