கட்டிவைத்த செருப்பு

துறைத்தலைவர்: …அப்ப இந்த டிராயர்தான் கடைசி. பூட்டியிருக்கே, சாவி எங்கம்மா?

மகள்: என்கிட்டதான் இருக்கு. என்ன அவசரம் அண்ணா? அப்பா போயே ரெண்டு மாசம் ஆச்சு. குறிப்பு அட்டைங்க எழுந்து ஓடிடவா போகுது?

துறைத்தலைவர்: நாளைக்குக் காலைல பல்கலைக்கழக வண்டி வந்துடும். என் வாத்தியார், உங்கப்பா, கைப்பட எழுதின குறிப்பு அட்டை நாப்பதாயிரமும் நூலகத்துக்குப் போகுது. அந்த அறைக்கே அவர் பேர்தான்.

மகள்: அவர் பேர்ல ஒரு ஆய்வு இருக்கையும் வருதாமே. அதுல உக்காரப் போறதும் நீங்கதானாம்.

துறைத்தலைவர்: அது… துறை எடுத்த முடிவு.

மகள்: துறைக்குத் தலைவர் யாரு?

துறைத்தலைவர்: …நான்தான்.

மகள்: ரொம்ப நல்ல துறை.

துறைத்தலைவர்: கிண்டல் இருக்கட்டும். நினைவு மலருக்கு ரெண்டு பக்கம் கேட்டேனே. உலகத்து மதமெல்லாம் படிச்ச மனுஷன் வீட்டுல எப்படி இருந்தார்னு…

மகள்: எழுதிட்டேனே. பதினோரு மொழி தெரியும், வீட்டுல எதுலயும் பேசல.

துறைத்தலைவர்: ரெண்டு பக்கம் கேட்டேன்மா.

மகள்: மீதியை வெள்ளையா விடுங்க. அப்பா அப்படித்தான் இருந்தார்.

துறைத்தலைவர்: சரி, சாவி…

மகள்: இந்தாங்க. ஆனா முதல் அட்டையை நான் போன வாரமே எடுத்துட்டேன். படிக்கிறேன், கேளுங்க. "இறந்தவரின் செருப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டி வாசலில் வைத்தல். செய்தவர், ஆறு வயதுச் சிறுமி." இது எந்தப் புத்தகம்?

துறைத்தலைவர்: இது தெரியாதா? வாத்தியார் எழுதின மூணாவது தொகுதி, முதல் அத்தியாயம். மலைக்கிராமத்துச் சடங்கு. செத்தவங்க திரும்பி வந்துடுவாங்கங்கற பயத்துலதான் மதமே பிறந்துச்சுன்னு… உலகம் பூரா மேற்கோள் காட்டுறாங்க.

மகள்: இந்த அட்டையில மலை எங்க இருக்கு?

துறைத்தலைவர்: பின்பக்கம் பாரு.

மகள்: பாத்தாச்சு. பின்பக்கம் தேதிதான் இருக்கு. எங்கம்மா செத்ததுக்கு மறுநாள்.

துறைத்தலைவர்: அப்ப இந்தச் சிறுமி…

மகள்: நான்தான். இதை அப்பா மலைக்கிராமத்துக் கட்டுல மாத்திச் சொருகிட்டார். பத்து வருஷம் கழிச்சுப் புத்தகம் எழுத உக்காந்தப்ப, கட்டுல இருந்ததெல்லாம் மலைன்னு நினைச்சுட்டார். நாப்பதாயிரம் அட்டையில பெத்த பொண்ணு எந்த அட்டைன்னு அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

துறைத்தலைவர்: இதை… வேற யாராவது பாத்தாங்களா?

மகள்: இனிமே பாப்பாங்க. நூலகத்துக்குத்தானே போகுது?

துறைத்தலைவர்: அம்மா தாயே, இந்த ஒரு அட்டை வெளிய போனா வாத்தியார் பேரே போயிடும்.

மகள்: வாத்தியார் பேரா, உங்க பேரா? உங்க முனைவர் பட்டமே அந்தச் செருப்பு மேல ஏறி வந்ததுதானே. அந்த மலைக்கே போய், எட்டுப் பேரைப் பேட்டி எடுத்து, வாத்தியார் சொன்னது சரின்னு முந்நூறு பக்கம்…

துறைத்தலைவர்: எட்டு இல்ல, பத்து.

மகள்: இல்லாத சடங்குக்குப் பத்து சாட்சியா? நிஜத்தைச் சொல்லுங்க. மலைக்குப் போனீங்களா, இல்ல விடுதியில படுத்துக்கிட்டே எழுதினீங்களா?

துறைத்தலைவர்: போனேன். …அது இருக்கட்டும். நீ ஏன் கட்டினே?

மகள்: பரவாயில்லையே. இத்தனை வருஷத்துல யாரும் கேக்காத கேள்வி. அப்பா பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டார், கேக்கல. பயம்னு அவராவே பின்னாடி போட்டுக்கிட்டார். எங்கம்மாகிட்ட எனக்கு என்ன பயம்? ரெண்டையும் சேத்துக் கட்டிட்டா போட்டுக்க முடியாது, அம்மா எங்கயும் போயிட மாட்டாங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான். அது புத்தகத்துல பயம்னு கிடக்குது. எனக்குத் தாங்கலண்ணா. இந்த அட்டை கண்டிப்பா நூலகத்துக்குப் போகும்.

துறைத்தலைவர்: நான் போனப்ப அந்த மலையில ஒருத்தருக்கும் இப்படி ஒரு சடங்கு தெரியல.

மகள்: அப்ப அந்தப் பத்துப் பேர்?

துறைத்தலைவர்: நான்தான் சொல்லிக் குடுத்தேன். உங்க முன்னோர் செஞ்சது, புத்தகத்துலயே இருக்குன்னேன். நம்பிட்டாங்க. இப்ப மலை முழுக்கக் கட்டுறாங்க.

மகள்: அடப்பாவி அண்ணா. பயத்தையும் சேத்தே சொல்லிக் குடுத்தீங்களா?

துறைத்தலைவர்: குடுத்தேன். செத்தவங்க திரும்பி வராம இருக்கத்தான் கட்டணும்னேன். போன வருஷம் போனப்ப, புருஷனைப் பறிகுடுத்த ஒரு அம்மா கட்டிக்கிட்டிருந்தாங்க. ஏன் கட்டுறீங்கன்னு கேட்டேன். "அவர் எங்கயும் போயிடக் கூடாதுன்னுதான்"னாங்க. அதை மட்டும் நான் இன்னைக்கு வரைக்கும் எங்கயும் எழுதல.