சூடாமணி பேசிய படம்

பொன்முடிச் சாலையின் வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும் சார். அதனால் ஜீப்பில் எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவேன். அன்றும் அப்படித்தான். பின்னால் மாடம்மாளும் அவள் மகள் இசக்கியும் இருந்தார்கள். மலையடிவாரத்து வித்துரா சந்தை வரும்வரை குழந்தை அழுதுகொண்டே வந்தாள். அப்போது அழுவதற்கு அவளிடம் தெம்பு இருந்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பட்டினி ஒழிப்புக்காக நன்கொடை திரட்டும் சங்கத்தில் நான் செயலாளர். பெயர் நாகேஸ்வரன், கரமனைக்காரன். அந்த வருஷம் வெளிநாட்டில் பெரிய பாடகர்கள் ஒன்றுசேர்ந்து ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்காகப் பாடியதை உலகமே கேட்டது. நாங்கள் கொடுத்த நோட்டீஸ்களில் ஜனங்கள் கடலை மடித்துத் தின்றார்கள். தெரிந்த முகம் பேசினால்தான் கேட்பார்கள் என்று எனக்குப் பட்டது.

நடிகை சூடாமணி சம்மதித்தார். தியேட்டரில் படம் தொடங்குமுன் காட்ட, மலையாளத்தில் ஒரு சின்னப் படம். அவர் பேசுவார், பக்கத்தில் பட்டினி கிடந்த ஒரு குழந்தை இருக்கும். பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டைப் பூட்டி மாதக்கணக்காகியிருந்தது. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இசக்கியின் கண்களைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டேன். பட்டணத்தில் வைத்தியம் பார்க்கிறேன் என்று மாடம்மாளிடம் சொன்னேன். அது பொய்யில்லை. படம் எடுத்தபிறகு பார்ப்பதாகத்தான் இருந்தேன்.

சங்கத்தின் பின்னறையில் அவர்களைத் தங்கவைத்தேன். ஓய்வுபெற்ற நர்ஸ் சிவகாமியம்மாள் வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். மாடம்மாள் அப்போது குழாயடியில் இருந்தாள்.

"இவளை இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கணும், கேட்டேளா. அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா பால் கொடுத்துண்டே இருங்கோ" என்றார்.

சரி என்றேன். அவர் போனபிறகு மதராஸிலிருந்து தந்தி வந்தது. ஷூட்டிங் முடியவில்லை, சூடாமணி வருவது தள்ளிப்போகிறது. என் இடத்தில் இருந்து யோசியுங்கள் சார். பால் குடித்தால் குழந்தை தேறிவிடுவாள். தேறிய முகத்தைப் பார்த்து யார் கைகொடுப்பார்கள்?

சாயங்காலம் மாடம்மாள் கதவருகே வந்து நின்றாள்.

"சாமி, புள்ள பாலு பாலுங்கா. ஒரு வாய் குடுக்கட்டா?"

"வேண்டாம் மாடம்மா. இப்போ பால் கொடுத்தா வயிறு தாங்காதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்கா. தண்ணி மட்டும் கொடு."

அவள் என்னைக் கும்பிட்டாள். மறுநாளும் கேட்டாள், அதையே சொன்னேன். அதற்குப்பிறகு கேட்கவில்லை. குழந்தையும் கேட்பதை விட்டுவிட்டாள். சிவகாமியம்மாள் விசாரித்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றேன்.

சூடாமணி வந்தபோது இசக்கியால் தலையைத் தூக்க முடியவில்லை. பார்த்ததும் அவர் முகம் மாறியது. முதலில் குழந்தைக்கு ஏதாவது கொடுங்கள், பிறகு பேசுகிறேன் என்றார். வெளிச்சம் போய்விடும் என்றேன். ஒருகணம் தயங்கினார். பிறகு இசக்கியை மடியில் கிடத்திக்கொண்டு பேசினார். நடுவில் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அப்படி ஒரு குரலை எவ்வளவு சம்பளம் கொடுத்தும் வாங்க முடியாது.

எங்களிடம் இருந்தது ஒரே ஜீப். சூடாமணிக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்து குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். ஜீப் திரும்பியபோது மாடம்மாள் முந்தானையால் இசக்கியின் முகத்தை மூடியிருந்தாள். அழவில்லை. பால் கொடுக்காமலே இப்படி ஆகிவிட்டதே, கொடுத்திருந்தால் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

சிவகாமியம்மாள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது எல்லாம் சரி. பாலை நிறுத்தியது நான்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படம் ஓடும் தியேட்டர்களில் ஜனங்கள் விசும்புகிறார்கள் சார், வாசலில் வைத்த உண்டியல் நிரம்புகிறது. எத்தனையோ குழந்தைகள் அதில் சாப்பிடுகின்றன. இசக்கி மலையிலேயே கிடந்திருந்தால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை.

தமிழிலும் ஒன்று எடுக்கலாம் என்று சூடாமணியே சொல்லியனுப்பியிருக்கிறார். வெளியே பெஞ்சில் மாடம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தேன். இடுப்பில் இருப்பது அன்று லயத்தில் விட்டுவந்த இளையவள் போலிருக்கிறது. அவளுக்கும் அதே கண்கள்.