பீரோவுக்குள் இருக்கிற விரிப்பு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது ஆறு பிள்ளைகள். போன புதன்கிழமை பேத்தியின் குழந்தைக்குத் தடுப்பூசி போடச் சின்னமனூர் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும். மாமியார் தோளில் நாலு மாதப் பையன், தலையைத் தூக்காமல் சாய்ந்து கிடந்தான்.

"குப்புறப் போட்டு விளையாட விடுங்கன்னு நர்சம்மா போன தடவையே சொன்னாக அத்த," என்றாள் மருமகள்.

"நம்ம வீட்டுப் புள்ளையத் தரையில போடவா? பாக்குறவுக என்ன நினைப்பாக?"

"அதுக்குத்தான உங்க மகன் விரிப்பு வாங்கி அனுப்புனாரு?"

"அது வெளிநாட்டு விரிப்புடி. இவன் ஒண்ணுக்குப் போயிட்டான்னா?"

"அதான் கவர்கூடப் பிரிக்காம பீரோவுல வச்சிருக்கீகளாக்கும்!"

"அவன் நல்லா நடக்கட்டும். அப்புறம் விரிப்போம்."

"இன்னைக்கும் தலை தூக்கலைன்னா தேனி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவாக."

மருமகள் பிள்ளையை வாங்கி, துண்டை விரித்துத் தரையில் குப்புறப் போட்டாள். பையன் வீறிட்டான். அவளும் எதிரே படுத்து வளையலைக் குலுக்கினாள். அவன் அழுகையை நிறுத்தி, மூக்கைத் தேய்த்து, கடைசியில் இரண்டு விரற்கடை தலையைத் தூக்கி வளையலைப் பார்த்தான். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமியார் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தீகளா! நான் கீழ விடாம வளத்த கழுத்துல்ல!"

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். ஆத்தா, எழுதினது போதும், படி. அந்தக் கழுத்துப் பேச்சை மட்டும் ரெண்டு தரம் படி.