பத்து மணி இன்டர்வியூ

கிள்ளானில் நான் ஏறிய கொமுட்டர் ரயில். எதிர் இருக்கையில் ஒரு கணவன், அவன் மனைவி. அவர்கள் பக்கத்தில் தூங்கும் ஒரு சீன அங்கிள். இந்தப் பக்கம் நான்.

"பதில் சொல்லாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள் மனைவி. அதில்தான் காது கொடுத்தேன்.

அவனுக்குப் பத்து மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் இன்டர்வியூ. டெக்னிக்கல் ப்ராடக்ட் மேனேஜர் வேலை. அவள் கைப்பேசியைப் பார்த்துக் கேள்வி கேட்டு வந்தாள்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு ஒரு லிஃப்ட். எப்படிப் பண்ணுவீங்க?"

"சென்சார் வைப்பேன். வாய்ஸ்..."

"ஐயோ, மறுபடியுமா! எந்தக் கட்டடம், எத்தன மாடி, யாரு வராங்க, அத மொதல்ல கேளுங்க. போன ரெண்டு இன்டர்வியூவும் இதுலதான் போச்சு."

"பத்து வருஷம் கோட் எழுதுனவன் லா. சொன்னா உடனே செஞ்சு குடுத்துதான் பழக்கம்."

"செஞ்சு குடுக்க அவங்ககிட்ட ஆள் இருக்கு. என்ன வேணும்னு கேட்டு முடிவு பண்ணத்தான் இந்த வேல. சரி, வயசானவங்களுக்கு மருந்த ஞாபகப்படுத்தணும்."

"அலாரம்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்க வேண்டிய சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது. எழுந்தான்.

"இதுவும் கெடைக்கலன்னா என்னா செய்வோம்?" என்று அவளிடம் கேட்டான்.

அவள் அவன் காலரைச் சரிசெய்தாள். இருவரும் இறங்கினார்கள்.

கிள்ளானிலிருந்து அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.