ஹெர் பிராண்டிடம் ஒரு மன்னிப்பு

— இறங்கும் தம்பி. அந்தாளின்ர கார் நிக்குது. உள்ளைதான் இருக்கிறான்.

— கொஞ்சம் பொறுங்கோ மாமா.

— என்னத்தைப் பொறுக்கிறது? பீலெஃபெல்டிலை இருந்து இவ்வளவு தூரம் வந்தது காருக்குள்ளை இருந்து விடுப்புப் பார்க்கவே? நான் தமிழிலை சொல்லுவன், நீர் அவனுக்கு டொச்சிலை சொல்லும். முதலிலை வணக்கம். பிறகு, இவர் என்ர மாமனார் தம்பித்துரை, ஊரிலை போஸ்ட்மாஸ்டராய் இருந்தவர் எண்டு சொல்லும்.

— ஹெர் பிராண்டுக்கு அதெல்லாம் ஏன் மாமா? அவர் துவக்குச் சோதினை எடுக்கிற ஆள்.

— ஆர் மன்னிப்புக் கேக்கிறான் எண்டு அவனுக்குத் தெரிய வேண்டாமே? என்ர சீவியத்திலை நான் ஒருத்தரிட்டையும் கேட்டதில்லை. எம்.பி. வந்து மேசையிலை அடிச்சபோதும் கேக்கேல்லை.

— அதுதான் சொல்லுறன், கேக்க வேண்டாம். சுபானியும் வேண்டாமெண்டுதானே சொன்னவ.

— என்ர மகள் சொல்லுவாள். எனக்குச் சோறு போடேக்கை அவள் கோப்பையை வைக்கிற சத்தம் உமக்குக் கேக்கிறேல்லையோ? "உங்களை ஆரப்பா அங்கை போகச் சொன்னது?" எண்டு கேட்டாள். நியாயமான கேள்வி. துவக்குச் சுடுற இடத்துக்குத் திருநீறு கொண்டுபோன விசரன் உலகத்திலை நான் ஒருத்தன்தான்.

— சோதினைக்குத் திருநீறு பூசிக்கொண்டுதானே போறது. காலமை அவசரத்திலை நான்தான் மறந்துபோனன்.

— நீர் மறந்தா, நான் கண்ணாடிக்கு அங்காலை பேசாமல் இருந்திருக்க வேணும். கதவைத் திறந்துகொண்டு, "தம்பி விமலநாதன்" எண்டு முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட்டனே! நீர் திரும்பினீர். துவக்கு நேரை என்ர நெஞ்சுக்கு. அவன் பாய்ஞ்சு உம்மட கையை அமத்தினான். உம்மட காதடியிலை என்ன கத்தினவன்?

— நிலத்தைப் பார்த்துப் பிடி எண்டு. பிறகு வெளியாலை போகச் சொன்னவர்.

— குறி ஒண்டு ரண்டு பிழைச்சாலும் விடுவாங்களாம், துவக்கோடை திரும்பினா அதோடை பெயிலாம். உண்மையே?

— ஓம். முதல் நாளே அதைத்தான் சொல்லித்தந்தவை.

— அப்ப அவனுக்கு வடிவா விளங்கப்படுத்தும். எங்கட ஆக்கள் மாமனார் கூப்பிட்டா முதுகைக் காட்டிக்கொண்டு நிக்க மாட்டினம். கையிலை பூந்தட்டு இருந்தாலும் திரும்புவினம், துவக்கு இருந்தாலும் திரும்புவினம். பிழை இந்தப் பிள்ளையிலை இல்லை, கூப்பிட்ட கிழவனிலை. திரும்பச் சோதினை எடுக்க இன்னொரு டெர்மின் தரட்டும்.

— தராட்டி?

— தராட்டி, நீர் சாகுமட்டும் அந்தத் தளபாடக் கடை வாசலிலை நிண்டு ஆக்களின்ர பையைக் கிண்டும். வங்கிக் காசு கொண்டுபோற வண்டியிலை உமக்கெண்டு வைச்சிருக்கிற இடத்துக்கு லைசென்ஸ் உள்ள ஒருத்தன் வந்திடுவான்.

— வாசல் வேலை எனக்குப் பிடிக்கும் மாமா. எங்கட அம்மாவும் போனிலை அதைத்தான் சொல்லுறவ.

— கொம்மா இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறாவோ?

— ஊரிலை என்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவை துவக்கோடைதானே படலைக்கு வந்தவை. பேந்து அவனை ஒருத்தரும் காணேல்லை.

— அது அந்தக் காலம். இப்ப நாட்டிலை சமாதானம் எல்லே. இஞ்சை ஜெர்மனியிலை இது உத்தியோகம். நான் ஹம் நகரத்துக் கோயில் அன்னதானத்திலை வைச்சு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், டொச்சுக்காரன் நம்பித் துவக்குக் குடுக்கப்போறது என்ர மருமோனிட்டை எண்டு. இப்ப அங்கை வாற ஒருத்தர் கேக்கிறார், "என்ன அண்ணை, மருமோன் ஆரைச் சுட்டவர்?" பக்கத்திலை நிண்டவை எல்லாம் சிரிச்சவை.

— உங்களுக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. எனக்குத் தெரியும்.

— வெக்கத்தை நான் தாங்குவன். என்ர பிள்ளையின்ர புருசன்ர பிழைப்பிலை என்ர கையாலை மண் போட்டிட்டன், அதுதான் என்னைத் தின்னுது. நீர் ஒரு சொல் ஏசேல்லை. ஏசியிருந்தா நானும் திருப்பி ஏசி ஆறியிருப்பன். நீர் என்னடா எண்டா தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தாறீர்!

— மாமா, நான்…

— எனக்குச் சமாதானம் சொல்லாதையும். இந்த டையை நேராக்கிவிடும். அவன் கை தராட்டியும் நான் கையை நீட்டுவன். வேணுமெண்டாத் தலையும் குனிவன்.

— நீங்கள் குனியக் கூடாது.

— ஏன், பக்கத்திலை நிக்க உமக்கு வெக்கமோ?

— அதில்லை. நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டே ஹெர் பிராண்டுக்கு விளங்காது. வீணாக் குனியப்போறியள்.

— ஏன் விளங்காது? நான் கூப்பிட்டதாலைதானே எல்லாம்?

— சுடேக்கை எங்களுக்குக் காதுக்கு மூடி போட்டவை மாமா. நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை. நீங்கள் கதவடியிலை நிண்டதையே திரும்பின பிறகுதான் கண்டனான்.

— அப்ப என்னத்துக்குத் திரும்பினீர்?

— அதுவரைக்கும் சுட்ட எல்லாக் குண்டும் குறியின்ர கறுப்புக்குள்ளை பட்டிட்டுது மாமா. இன்னும் ஒண்டு சுட்டிருந்தா நான் பாஸ்.