கண்ணாடிப் பெட்டியில் பதினோரு நாள்

வக்கீல்: …அப்புறம் அந்த வாட்ச்மேனைத் தள்ளிவிட்டிருக்கா. அங்கதாம்மா வந்தது வினை.

அம்மா: கையை ஒதறியிருப்பா மேடம். அவர் படியைப் பார்க்காம விழுந்தா எம் பொண்ணு என்ன பண்ணுவா?

வக்கீல்: துணிக்கடை மேசையில இருந்த யாரோட செல்போனையோ எடுத்தா. அது திருட்டு. அதோட தப்பிச்சு ஓடுறதுக்காக வாசல்ல நின்னவரைத் தள்ளினா, அவர் கை ஒடைஞ்சுது. இப்ப அது கொள்ளை.

சித்தி: ஒரே ஒரு போனு… அதுக்குப் போய்க் கொள்ளையா?

வக்கீல்: எத்தனைங்கிறது பேச்சில்லம்மா, எப்படி எடுத்தாங்கிறதுதான் பேச்சு. நீங்க யாரு, சொல்லவே இல்லையே?

சித்தி: நான் அவ சித்திங்க. இவங்க என் கூடப்பொறந்த அக்கா.

அம்மா: செல்லம் கொடுத்துக் கெடுத்ததே இவதான் மேடம். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்து…

சித்தி: ஆமா, நான்தான் போய்ப் போனை எடுத்துட்டு வாடின்னு அனுப்பினேன்.

வக்கீல்: விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லிவைக்காதீங்க. தூண்டிவிட்டதா உங்களையும் சேர்த்துடுவாங்க.

சித்தி: ஐயோ, சும்மா சொன்னேங்க…

வக்கீல்: தெரியும், தெரியும். விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூல் சர்டிபிகேட்படி அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சு மூணு மாசம். அதனாலதான் பன்னிரண்டு நாளா பெரியவங்க ஜெயில்ல இருக்கா. நேத்து பார்க்கப் போனப்ப ஒண்ணு சொன்னா. போன பிறந்தநாளுக்குச் சித்தி துணி எடுத்துக் கொடுத்துட்டு, ‘பதினேழு ஆயிடுச்சு, பார்த்துக்கிட்டே இருக்கும்போதே வளர்ந்துட்டே’ன்னாங்களாம்.

அம்மா: சித்தி ஆயிரம் சொல்லுவா.

வக்கீல்: பதினெட்டு முடியலேன்னா கேஸே வேறம்மா. சின்னப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற கோர்ட்டுக்குப் போயிடும். ஜெயில் கிடையாது, இல்லத்துல வெச்சுப் படிக்க வைப்பாங்க. பேரு பேப்பர்ல வராது. நாளைக்கு வேலை, கல்யாணம்னு போறப்ப இது பின்னாடியே வராது.

அம்மா: …ஒரு வருஷம் கூட்டித்தான் போட்டோம். சீக்கிரமா ஸ்கூல்ல சேர்க்கணும்னு.

வக்கீல்: நீங்க மட்டுமா? என் பிறந்தநாளே வாத்தியார் வெச்சதுதான். ஜூன் ஒண்ணு. எங்க வகுப்புல பாதிப் பேரு அன்னைக்குத்தான் பொறந்தோம்.

சித்தி: அப்ப ஜட்ஜுக்கும் இது புரியும்ல?

வக்கீல்: புரியும். ஆனா வாய்ப்பேச்சை நம்பமாட்டார். பிரசவ ஆஸ்பத்திரியில கொடுத்த சீட்டு இருக்கா?

அம்மா: இல்ல. வீட்டுலதான் பிரசவம்.

வக்கீல்: யார் பார்த்தா?

அம்மா: பக்கத்து வீட்டு அம்மா. அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க.

வக்கீல்: ரொம்ப வசதியாப் போச்சு. பொறந்தப்ப குழந்தை எப்படி இருந்தா?

அம்மா: நல்லா கொழுகொழுன்னு…

சித்தி: ஒண்ணேமுக்கால் கிலோ.

அம்மா: நீ சும்மா இருக்க மாட்டியா?

சித்தி: எட்டு மாசத்துலயே பொறந்துட்டா மேடம். தொட்டாலே ஒடைஞ்சுடுவாளோன்னு இருக்கும். பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியிலதான் கிடந்தா…

வக்கீல்: வீட்டுல ஏதும்மா கண்ணாடிப் பெட்டி? டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லாதேன்னு சும்மாவா சொன்னாங்க?

அம்மா: எலும்பைப் போட்டோ பிடிச்சு வயசு சொல்லுவாங்களாமே. அதை எடுங்க மேடம். சீட்டு வேணாம்.

வக்கீல்: அது ஒரு வருஷம், ரெண்டு வருஷம் முன்னப்பின்ன காட்டும். நமக்கு இடிக்கிறதே அந்த ஒரு வருஷம்தான். சரி… சீட்டு வேணாம்னா, எங்கேயோ இருக்குன்னுதானே அர்த்தம்?

சித்தி: என்கிட்ட இருக்குங்க.

அம்மா: எரிச்சுட்டேன்னு சொன்னியேடி.

சித்தி: சொன்னேன். எரிக்க மனசு வரல.

அம்மா: உன் வீட்டுக்காரர் கீழே வண்டியில உட்கார்ந்திருக்கார். ஞாபகம் இருக்கட்டும்.

சித்தி: இருக்குக்கா. இந்தாங்க மேடம், மெதுவாப் பிரிங்க. மடிப்புல விட்டுப்போச்சு.

வக்கீல்: பெண் குழந்தை… எடை ஒண்ணேமுக்கால்… தேதி… அட, பதினேழு வருஷம் மூணு மாசம்! இது போதும்மா. அப்புறம்… தாயார் பேரு…

அம்மா: அதைப் படிக்காதீங்க மேடம்.

வக்கீல்: நான் படிக்கலேன்னாலும் ஜட்ஜ் படிப்பாரேம்மா.

அம்மா: எம் பொண்ணும் அங்கதானே நிப்பா?

வக்கீல்: நிப்பா.

அம்மா: பயமா இருக்கு மேடம். விவரம் தெரிஞ்ச நாள்லருந்து என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. இப்ப பன்னிரண்டு நாளா எப்படித் தூங்குறாளோ…

சித்தி: அதுக்குத்தான்க்கா கொடுத்தேன்.

வக்கீல்: வெறும் சீட்டை நீட்டினா போதாது. கூண்டுல ஏறி, இந்தச் சீட்டுல இருக்கிறது இந்தப் பொண்ணுதான்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். யார் சொல்லப் போறீங்க?

அம்மா: நான் சொல்றேன். நான்தானே அவளுக்கு அம்மா.

சித்தி: வளர்த்ததை நீ சொல்லுக்கா. பெத்ததை நான் சொல்றேன்.